களரியும் சட்டகமும்: பாட்டுக்குக் காட்சி வாய்த்த வரலாறு

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அமைந்துள்ள ஊர் களுதாவளை. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் எல்லையாக நிற்க, இடையிலுள்ள மணற்பாங்கான நிலத்தில் வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு வாழும் உழவர் குடிகளின் ஊர் அது. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலால் பெயர் பெற்றது. வாவியின் கடலோரப் பக்கத்தை எழுவான்கரை என்றும் அதற்கு எதிர்ப்பக்கத்தை, வயல்கள் விரிந்து கிடக்கும் மேற்குப் பகுதியை, படுவான்கரை என்றும் அழைப்பது மட்டக்களப்பு மக்களின் வழக்கு. இவ்விரு கரைகளுமே ஈழத்துத் தமிழ்க் கூத்தின் செழிப்பான விளைநிலங்கள். வடமோடி, தென்மோடி என்னும் இரு பெருங் கூத்து மரபுகளும், வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து முதலிய பிற வடிவங்களும் இவ்வட்டாரத்திற் பேணப்பட்டு வந்துள்ளன.

இன்று இதே வட்டாரத்தின் இளைஞர்கள் பாட்டைக் கேட்பதோடு அமைவதில்லை, பாட்டைப் பார்க்கின்றனர். கைத்தொலைபேசியின் சிறு திரையில் நான்கைந்து நிமிடங்களுக்குள் ஒரு பாட்டும் அதற்கேற்ற காட்சியும் ஒரு கதையும் நிகழ்ந்து முடிகின்றன. இசைக் காணொளி எனப்படும் இவ்வடிவம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்றும், கூத்து அழிந்துவரும் பழமை என்றும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது பலருக்கும் எளிதாக இருக்கின்றது. இப்பிரிப்பு வரலாற்றுக்கு ஒத்ததன்று. பாட்டு, உடல், கதை ஆகிய மூன்றையும் எவ்வாறு ஒருங்கே காட்டுவது என்னும் ஒரே கலைச்சிக்கலுக்கு வெவ்வேறு காலங்கள் கண்ட விடைகளே இவை. அவ்விடைகள் எவ்வாறு மாறின, அம்மாற்றத்தில் பாடியவனின் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களரியின் இலக்கணம்

மட்டக்களப்புக் கூத்தின் அரங்கு வட்டக்களரியாகும். மண்ணை உயர்த்தி வட்டமாக அமைத்து, சுற்றிலும் கம்பு நாட்டி, மேலே பந்தலிட்டு அலங்கரிப்பர். பார்வையாளர் நாற்புறமும் அமர்ந்திருப்பர். நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். அவரருகே சல்லாரி போடுவோரும் ஏடு பார்ப்போரும் பிற்பாட்டுப் பாடுவோரும் நிற்பர். இவர்களைச் சுற்றியே கூத்தர் ஆடுவர். எனவே இசைக்குழுவினர் திரைக்குப் பின்னோ மேடைக்குக் கீழோ மறைந்திருப்பதில்லை. இசை பிறக்கும் இடமே அரங்கின் மையம். இது மனங்கொள்ளத்தக்க ஓர் அமைப்பாகும்.

வட்டத்திற்கு முன்பக்கம், பின்பக்கம் என்பன இல்லை. கூத்தன் ஒரு பக்கத்தாருக்கு முகங்காட்டும் அதே வேளையில் மறுபக்கத்தாருக்கு முதுகைக் காட்டுகின்றான். எனவே அவன் ஓரிடத்தில் நின்று நடிக்க இயலாது, சுழன்றுகொண்டேயிருத்தல் வேண்டும். வீசாணம், பொடியடி, எட்டு, நாலடி என வழங்கும் ஆட்டக்கோலங்களை இந்நோக்கில் காணும்போது, அவை அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல என்பது புலனாகும். எல்லாப் பக்கத்தாருக்கும் தன்னைச் சமமாகப் பகிர்ந்தளிக்க வேண்டிய கடப்பாட்டிலிருந்து பிறந்தவை அவை எனலாம். அரங்கின் வடிவமே ஆட்டத்தின் இலக்கணத்தை ஆக்குகின்றது.

கதை கூறும் முறையும் இதனோடு இயைந்தது. கூத்திலே ஒரு பாத்திரம் களரிக்குள் முதன்முதற் புகுவது வரவு எனப்படும். அரசனுக்கும் அமைச்சனுக்கும் பெண்ணுக்கும் வேடனுக்கும் வெவ்வேறு தாளக்கட்டுகளும் ஆட்டங்களும் உண்டு. பாத்திரம் வாய்திறந்து தன்னை இன்னான் என்று கூறுமுன்னரே, அடியெடுத்து வைக்கும் முறையாலும் மத்தளத்தின் ஒலியாலும் சபையோர் அவனை அறிந்து கொள்கின்றனர். வடமோடி அரசனின் முடியும், வளையங்களால் விரித்து அமைக்கப்பட்ட கரப்புடுப்பும், மார்பிலும் புயத்திலும் மின்னும் அணிகளும் தீப்பந்த ஒளியில் தொலைவிலிருந்து பார்ப்போருக்கும் தெரியத்தக்கனவாய்ப் பெரிதாகச் செய்யப்பட்டவை. பாரமான இவ்வுடையுடன் ஆடுபவன் விரைந்து துள்ளமுடியாது. அவனது நடையில் தாமாகவே ஒரு வீறும் நிறையும் வந்து சேர்கின்றன. இவ்வாறு உடை, ஒலி, அசைவு மூன்றும் கூடி ஒரு பாத்திரத்தின் இயல்பை ஒரு சில நிமிடங்களில் நிறுவிவிடுகின்றன. இக்கால இசைக் காணொளி தனது முதற் சில காட்சிகளில் நிறைவேற்ற முயலும் பணியும் இதுவே.

கூத்தனே பாடுகின்றான், அவனே ஆடுகின்றான். ஆட்டத்தில் அவன் மூச்சுவாங்கும்போது பிற்பாட்டுக்காரர் அவ்வடியைத் திருப்பிப் பாடி அவனைத் தாங்குகின்றனர். குரலும் உடலும் ஒருவருக்கே உரியனவாக இருப்பதும், அவ்வொருவரை ஊரே தாங்கி நிற்பதும் கூத்தின் உயிர்நிலை. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல மாதங்களுக்கு நீளும் தயாரிப்பு முறையும் ஊரவர் கூடி ஆக்கும் ஒரு செயலே. பகலில் வயலிலும் தோட்டத்திலும் நிற்கும் உழவன் இரவில் கர்ணனாகவோ அருச்சுனனாகவோ முடி தரிக்கின்றான். அவனை அறிந்தவர்களே அவனைப் பார்க்கின்றனர். முடியணிந்த அரசனையும் அதற்குள்ளிருக்கும் அயலவனையும் ஒரே கண்ணால் காணும் இந்த இரட்டைப் பார்வை களரிக்கே உரியது.

ஆயினும் களரியைக் குறையற்ற பொன்னுலகமாகக் காண்பது வரலாற்று நோக்காகாது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதி வேறுபாடுகள் களரியின் வாயிலில் நின்றுவிடவில்லை. பறைமேளக் கூத்தை ஆடிய கலைஞர்கள் தம் கலையின் காரணமாகவே சமூகத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டனர். நிலமானிய உறவுகள் நிலவிய ஒரு சமூகத்தின் கலை அவ்வுறவுகளின் தழும்புகளையும் சுமந்தே நின்றது. நாற்புறமும் திறந்த அரங்கு நாற்புறத்தாரையும் உள்ளே அனுமதித்துவிடவில்லை என்பதை மறத்தலாகாது.

வட்டம் சட்டகமாதல்

1956 ஆம் ஆண்டு நவம்பரில் எதிரிவீர சரத்சந்திர கொழும்பிலே மேடையேற்றிய 'மனமே' சிங்கள நாடக வரலாற்றில் ஒரு திருப்புமுனை. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம எனும் சிங்கள மரபினை அடியொற்றி அவர் புதியதொரு நாடக வடிவத்தைக் கண்டார். அதே காலத்தில் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்துகளின்பால் கவனஞ் செலுத்தினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தையும், 1963 இல் தென்மோடியிலமைந்த 'நொண்டி நாடக'த்தையும் அவர் மேடையேற்றினார். 1960களின் நடுப்பகுதியில் 'இராவணேசன்' உருவாயிற்று. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அதனை எழுதி இராவணனாகவும் ஆடினார். கிராமத்து அண்ணாவியாரும் பல்கலைக்கழக மாணவரும் ஒரே அரங்கில் நின்ற காலம் அது.

இம்முயற்சியில் விடியும்வரை ஆடிய கூத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. திரும்பத்திரும்ப வரும் பாடல்கள் குறைக்கப்பட்டன, கதையின் உச்சங்கள் முன்னே கொணரப்பட்டன, மின்னொளி பயன்படுத்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நாற்புறமும் பார்க்கப்பட்ட கூத்தன் இப்போது ஒருபுறத்தார்க்கு உரியவனானான். மையத்தில் நின்ற மத்தளம் மேடையின் ஓரத்துக்கு ஒதுங்கியது. சுழன்றாட வேண்டிய தேவை நீங்கவே, ஆட்டம் முன்னோக்கிய ஒரு கோலத்தை எடுத்தது. கூத்தின் கதை கூறலிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. வட்டத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவினால் ஒரு முழு நிகழ்வாக விளங்கியது. சட்டகத்தில் பாத்திரங்களுக்கு இடையிலான மோதலே நிகழ்வாயிற்று. இராவணன் என்னும் பாத்திரம் துன்பியல் நாயகனுக்குரிய உள்முரணோடு வெளிப்பட முடிந்தமை இம்மாற்றத்தின் பயனேயாகும்.

பேராதனை முயற்சி கூத்துக்கு மதிப்பைத் தேடித்தந்தது. கிராமத்தான் ஆட்டம் என இகழப்பட்ட ஒன்று பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாயிற்று. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி நிகழ்த்திய கலாநிதிப்பட்ட ஆய்வு இம்மரபின் தொடர்ச்சியே. 1969 இல் அவர் ஆக்கிய 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சாதி, இன, வர்க்கக் கொடுமைகளுக்கு எதிரான போராட்டத்தைக் காட்டியது. பழைய வடிவம் புதிய பொருளைத் தாங்கும் என்பதற்கு அது சான்று.

ஆயின் இதற்கு எதிர்வாதமும் உண்டு. கூத்தைச் சமூகத்திலிருந்து பெயர்த்தெடுத்து நகர மேடையில் வைத்தபோது, அதனை ஆக்கிய ஊர் வெறும் பார்வையாளராகவும், சில வேளைகளில் அதுவுமாகாமலும் போயிற்று என்பது அவ்வாதம். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இவ்வாதத்தின் செயல்வடிவம். கூத்தை ஆடும் சமூகத்தினரே, களரியை விட்டகலாது, தம் கூத்துப் பனுவல்களிலுள்ள சாதி, பால் வேறுபாடுகளைத் தாமே விவாதித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. வித்தியானந்தன் வழி கூத்தைச் சட்டகத்துக்குள் கொணர்ந்து காத்தது. சீலாமுனை வழி வட்டத்திற்குள் நின்றே மாற்ற முயன்றது. இவ்விரு வழிகளுக்கும் இடையிலான விவாதம் இன்றைய காணொளிக் காலத்துக்கும் பொருந்துவதை மேலே காண்போம்.

குரலும் உடலும் பிரிதல்

மேடையில் இம்மாற்றங்கள் நிகழ்வதற்கு முன்னரே, வேறொரு தளத்திற் பாட்டு உடலினின்றும் பிரிந்துவிட்டது. இசைத்தட்டும் வானொலியும் பாடுவோன் இன்றியே பாட்டை வீட்டுக்குக் கொணர்ந்தன. இலங்கையில் 1925 இல் தொடங்கிய வானொலி ஒலிபரப்பு பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்ட பெருஞ் செல்வாக்கினைப் பெற்றது. ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை இவ்வானொலிக் காலத்தின் குழந்தை. அம்பாறை ஹாடி தொழினுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் நாடெங்கும் பரவின. இப்பாடல்கள் பேச்சுத்தமிழையும் நாளாந்த வாழ்வின் பாத்திரங்களையும் பாட்டுக்குள் கொணர்ந்தன. கேட்டவருட் பெரும்பாலோர் பாடியவரின் முகத்தைக் காணாமலே கேட்டனர். கதை இருந்தது; காட்சி கேட்பவரின் உள்ளத்துக்கே விடப்பட்டது.

திரைப்படம் மறுதலையான ஒரு பிரிவினை நிகழ்த்திற்று. 1931 இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதலான தொடக்ககாலப் பேசும்படங்களில் நடிகரே பாடினர். 1930களின் இறுதியிலிருந்து பின்னணிப் பாடல் முறை மெல்ல நிலைபெற்றது. அதன்பின் திரையிற் காணும் உடல் ஒருவருடையது. கேட்கும் குரல் மற்றொருவருடையது. இதனாற் பெரும் பாடகர்களும் பெரும் நடிகர்களும் தோன்றினர் என்பது உண்மையே. ஆயின் களரியில் ஒன்றாயிருந்தவை இரண்டாகின என்பதும் உண்மை. யாருடைய குரல் எத்தகைய முகத்துக்கு ஏற்றது என்னும் தெரிவு வணிகத்தின் கைக்கு மாறியது. உழைக்கும் மக்களின் இசை திரையில் ஒலித்தபோதும் அம்மக்களின் உடலும் நிறமும் முகமும் அதனோடு சேர்ந்து தோன்றவேண்டும் என்னும் நியதி இல்லாது போயிற்று.

மேனாட்டில் இசைக் காணொளி தோன்றிய சூழலை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1975 இல் குயீன் என்னும் ஆங்கில இசைக்குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பாடலுக்காக எடுக்கப்பட்ட குறும்படத்தில், இருளினின்று நான்கு முகங்கள் மட்டும் ஒளியில் எழும் காட்சி புகழ்பெற்றது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நேரிற் செல்லவியலாத குழுவினருக்கு அப்படமே பதிலாளாக நின்றது. 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி அமெரிக்காவில் எம்.டி.வி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியதும் காணொளி பாட்டின் இன்றியமையா உறுப்பாயிற்று. 1983 இல் வெளிவந்த மைக்கல் ஜாக்சனின் 'திரில்லர்' ஏறத்தாழ பதினான்கு நிமிடம் ஓடும் ஒரு கதைப்படமாகவே அமைந்தது. இலங்கையில் 1979 இல் தொலைக்காட்சி தொடங்கி, 1982 இல் ரூபவாகினி ஒளிபரப்பை ஆரம்பித்ததும் இக்காலத்திலேயே. ஆனால் அடுத்த ஆண்டிலிருந்து நாட்டைச் சூழ்ந்த போர் 2009 வரை நீடித்தது. இரவு முழுதும் ஊர் கூடியிருத்தலே அரிதாகிய அக்காலத்தில் களரிக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று.

காணொளியின் கலைப்பயன் ஒன்றை இங்கே குறித்தல் வேண்டும். இசைக்குழு தன் பாட்டைத் தானே பாடித் தானே தோன்றும்போது, திரைப்படம் பிரித்த குரலும் உடலும் மீண்டும் சேர்கின்றன. அவ்வகையில் அது திரைப்பாடலைவிடக் கூத்துக்கே நெருங்கியது. ஆயின் இவ்வுடல் சட்டகத்தினுள் இருக்கின்றது. களரியில் பார்ப்பவன் தான் விரும்பிய பக்கத்திலிருந்து பார்த்தான். காணொளியில் ஒளிப்பதிவுக் கருவி பார்த்த பக்கத்திலிருந்தே பார்க்கின்றான். எனவே யாரைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது, எதை அணிவிப்பது என்னும் தெரிவுகள் முன்னெப்போதினும் பொருளுடையன ஆகின்றன.

சட்டகத்துள் நிற்பவர் யார்

இதனைத் தெளிவுறக் காட்டும் தமிழ்ச் சான்று சென்னையில் தோன்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 சனவரி 6 ஆம் திகதி சென்னையில் முதன்முதல் மேடையேறியது. பத்தொன்பதின்மர் கொண்ட இக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் சாதி பேதமற்ற தமிழர் என்னும் கருத்தினின்று பிறந்தது. வடசென்னையின் கானாப் பாட்டும், பறை, சட்டி, கட்டமோளம் முதலிய தோற்கருவிகளும், மேனாட்டுக் கித்தாரும், சொல்லிசையும் இதில் ஒன்றுகூடின. இசைவாணி என்னும் பெண் பாடகர் கானாவைப் பாடியமை ஆண்களின் தனியுரிமையாயிருந்த ஒரு வடிவத்தை உடைத்த செயலாகும்.

இக்குழுவினரின் காட்சிமுறையில் முதலில் கண்ணைக் கவர்வது உடை. அவர்கள் ஒரே வகையான கோட்டு உடையணிந்து மேடையில் நின்றனர். சாவு வீட்டுப் பாட்டென ஒதுக்கப்பட்ட கானாவையும் தீண்டத்தகாததென விலக்கப்பட்ட பறையையும் இசைக்கும் கைகள் கோட்டினுள்ளிருந்து நீள்கின்றன. அம்பேத்கரின் கோட்டு உடை இந்தியாவெங்கும் உள்ள சிலைகளில் கல்வியினதும் தன்மதிப்பினதும் குறியாக விளங்குவதை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளக்க வேண்டாதது. உழவனுக்குக் கரப்புடுப்பும் முடியும் என்ன செய்தனவோ அதையே இவ்வுடை இக்கலைஞர்க்குச் செய்கின்றது. வேறுபாடு ஒன்றுண்டு. கூத்தன் விடிந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய நிலைக்கே மீண்டான். இவர்கள் அணிந்தது புராண அரசனின் உடையன்று. விடிந்தபின்னும் தமக்குரியதெனக் கோரும் உடை.

இரண்டாவது சான்று ஈழத்தோடு நேரடியான உறவுடையது. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாடலைத் தீயும், காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் இடம்பெற்ற அறிவும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசையைத் தயாரித்தார். அமித் கிருஷ்ணன் காணொளியை இயக்கினார். ஒப்பாரியின் சாயலும் சொல்லிசையும் விரவிய இப்பாட்டின் பின்னணியில் அறிவின் குடும்ப வரலாறு உண்டு. அவரது முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு உழைப்பாளராகச் சென்று, பின் தாயகம் திரும்பியவர்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை முடிவாகவில்லை. காடு திருத்தி நிலமாக்கியோர் நிலமற்றவராய் நிற்கும் வரலாறு இவ்வெண்களுக்குள் அடங்கியுள்ளது. மட்டக்களப்பு மாணவருக்கு இது அயலார் கதையன்று. ஒரே தீவில் நிகழ்ந்த கதை.

இவ்வரலாற்றை அக்காணொளி நாட்களையும் ஒப்பந்தங்களையும் சொல்லிக் காட்டவில்லை. நிலம், மரம், மனிதர் என்பவற்றையே முன்வைக்கின்றது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் காட்சியில் தோன்றுகின்றார். நடிகை ஒருவரை முதியவளாக ஒப்பனை செய்து நிறுத்தாது, கதைக்குரியவரையே சட்டகத்தினுள் அமர்த்தியமை இக்காணொளியின் மிகச் சிறந்த தெரிவு எனலாம். அவரது முகமே சான்றாவணம். ஊரறிந்த ஒருவனை அரசனாகக் காணும் களரியின் இரட்டைப் பார்வைக்கு இது நிகரானது. தோட்டத்து மூதாட்டியும் பாட்டின் தலைவியும் ஒருவரே.

பல கோடி முறை பார்க்கப்பட்ட இப்பாட்டின் பிற்கதை அதைவிடப் படிப்பினை தருவது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் தன் அட்டையில் தீயையும், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலையும் வெளியிட்டு, அறிவைத் தவிர்த்திருந்தது. பா. ரஞ்சித் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவுக்கும் ஓர் அட்டையை வெளியிட்டது. 2022 சூலை 28 ஆம் திகதி சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அறிவு இல்லாமலே நிகழ்த்தப்பட்டபோது மீண்டும் சர்ச்சை எழுந்தது. பாட்டை ஆக்கியவர் தாமே என்று அறிவு எழுதினார். அது மூவரின் கூட்டாக்கம் என்று சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார். அவ்விழாக் காலத்தில் அறிவு வெளிநாட்டிலிருந்தார் என்பதும் கூறப்பட்டது. இவ்விருவருள் யார் கூற்றுச் சரியென்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. ஓர் அட்டைப்படத்தில் ஒருவரின் உருவம் இல்லாமை இத்துணைப் பெரிய கேள்வியாயிற்று. பின்னணிப் பாடகரின் முகம் திரையில் இல்லாமையை எண்பது ஆண்டுகளாக இயல்பெனக் கொண்ட ஒரு சமூகம், பாடியவரின் உடல் எங்கே என்று வினவத் தொடங்கிற்று. குரலும் உடலும் ஒருவருக்கே உரியன என்னும் களரியின் பழைய நியதி வேறொரு வழியால் திரும்பி வந்திருக்கின்றது.

ஒளிப்பதிவுக் கருவி நிற்குமிடம்

மேற்கூறியவற்றை மீண்டும் களுதாவளை வட்டாரத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். இன்று மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேறும்போது கைத்தொலைபேசிகளும் ஒளிப்பதிவுக் கருவிகளும் களரியைச் சூழ்கின்றன. புலம்பெயர்ந்த உறவினருக்கும் இளையோருக்கும் கூத்து அவ்வழியாகவே சென்று சேர்கின்றது. இது நன்மையே. ஆயின் கருவி ஒருபுறமே நிற்கின்றது. அது நிற்கும் பக்கத்தை நோக்கியே ஆடவேண்டும் என்னும் எண்ணம் கூத்தனிடத்து வளருமாயின், பேராதனை மேடை ஆய்ந்தறிந்து செய்த மாற்றம் இங்கே ஒருவரும் அறியாமலே நிகழ்ந்துவிடும். நாற்புறத்தாருக்கும் தன்னைப் பகிர்ந்தளித்த ஆட்டம் ஒரு கண்ணாடி வில்லைக்கு மட்டும் உரியதாகும். மத்தளக்காரர் படத்துக்கு வெளியே போவார். பிற்பாட்டுக்காரர் வெறும் ஒலியாவர். படத்தில் அழகாய்த் தோன்றும் வரவுகள் மட்டும் எஞ்சி, விடியற்சாமத்தில் நிகழும் கதைமுடிவைப் பதிவாக்க ஒருவரும் இரார்.

இதற்கு மாற்று வழி கருவியை விலக்குவதன்று. வித்தியானந்தன் படச்சட்ட மேடையை விலக்கவில்லை. அதன் இயல்பையறிந்து கூத்தினை அதற்கேற்ப அமைத்தார். சீலாமுனையினர் ஊரின் விவாதத்தைக் களரிக்குள் கொணர்ந்தனர். இவ்விரண்டு படிப்பினைகளும் இணைதல் வேண்டும். சட்டகத்தின் இயல்பை அறிதல் ஒன்று. அச்சட்டகத்தை யார் பிடிப்பது, அதனுள் யார் நிற்பது என்பதை ஊரே தீர்மானித்தல் மற்றொன்று. கருவி வட்டத்தின் நடுவே அண்ணாவியாரருகே நிற்குமாயின் எத்தகைய கூத்து தெரியும்? பார்ப்போரின் முகங்களும் கூத்தனின் முதுகும் ஒருங்கே தெரியுமாயின் கதை எவ்வாறு மாறும்? பறைமேளக் கலைஞர் தம் கலையைத் தாமே படமாக்குவராயின் எதை முதலிற் காட்டுவர்? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் இவ்வினாக்களுக்கு ஏட்டில் மட்டுமன்றிக் களத்திலும் விடை தேடல் தகும்.

வட்டக்களரியின் பேறு அதன் பழமையில் இல்லை. பாடுபவன், ஆடுபவன், கதைக்குரியவன், பார்ப்பவன் ஆகியோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டிருந்தனர் என்பதே அதன் பேறு. அக்காட்சியை எந்தக் கருவி மீட்டுத் தருகின்றதோ அக்கருவி கூத்தின் வழித்தோன்றலாகும். அதனை மறைக்கும் கருவி, எவ்வளவு தெளிவாகப் படம் பிடித்தாலும், கூத்தின் முதுகை மட்டுமே பிடித்ததாகும்.